தொழில்துறை ஆட்கள் கல்லூரிக்கு வந்து பாடம் எடுத்த அனுபவம் உண்டா? பகிருங்கள்

சிவில் வாத்தியார்:
போன செமஸ்டரில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. கெஸ்ட் லெக்சருக்கு ஒரு சைட் இன்ஜினியரை அழைத்திருந்தோம். வரவேற்புரை, பொன்னாடை, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் ஃபைலுக்கு இடம் காட்டும் ஜியோ டேக் போட்டோ என்று பாதி நேரம் ஓடிவிட்டது. மனிதர் பிபிடி எதுவும் போடவில்லை. பையிலிருந்த ஈர மணலை மேசையில் கொட்டி, ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்து விரித்தார். உருண்டை உடையாமல் நின்றது. "ராத்திரி மழை. கான்கிரீட் கலவைக் கணக்குல, அதான் மிக்ஸ் டிசைன்ல போட்டிருக்கிற தண்ணிய அப்படியே ஊத்தலாமா?" மணலின் ஈரத்துக்கு ஏற்பத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் கான்கிரீட் கலவைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10262-ஐ வைத்துப் பரீட்சை எழுதிய பிள்ளைகள்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பின்வரிசைப் பையன் ஒருவன், "ஸ்ட்ரெங்த் போயிடும் சார், ஆனா எவ்வளவு குறைக்கணும்னு..." என்று இழுத்தான். அதற்குள் மைக் நன்றியுரைக்குப் போய்விட்டது.

லேத் பட்டறை, கோவை:
மைக் போனது இருக்கட்டும், அவரை மறுபடி கூப்பிட்டீர்களா? எங்களிடமும் ஒரு கல்லூரி எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போட்டது. போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள்தான். அப்புறம் இன்டர்ன்ஷிப் என்று ஒரு பையன் வந்தான். லேத் பக்கமே போகவில்லை. "சார், ஒரு மாசம்னு போட்டு சீல் மட்டும் வெச்சுக் குடுங்க."

ஓய்வு பெற்றவன்:
எனக்கும் இப்படிச் சில உண்டு, அது கிடக்கட்டும். ஒரு நாள் பேச்சால் ஒன்றும் ஆகாது. துறை அனுபவசாலிகளையே பேராசிரியராக வைத்துக்கொள்ளும் ப்ரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ் முறைக்கு யுஜிசி 2022-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும், பிஎச்டி கட்டாயமில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு வெளியே, அவற்றின் எண்ணிக்கையில் 10 சதவீதம் வரை நியமிக்கலாம். காலம் 3 ஆண்டு, மிஞ்சினால் இன்னும் ஒன்று. சிவில் சார், உங்கள் ஆளை இதில் கொண்டுவாருங்கள். லேப் அவர் கையில் இருக்கட்டும், தியரி உங்களிடம் இருக்கட்டும். பட்டறைக்காரரே, நீங்களும் சீல் வைக்காதீர்கள். பாடத்திட்டக் குழுவில் இடம் கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தொழில்துறைப் பிரதிநிதி இருந்தாக வேண்டும். முதல் கூட்டத்திலேயே பழைய லேப் மேனுவலைக் கையில் எடுங்கள்.

மெக் அசிஸ்டென்ட்:
ஐயா, காகிதத்தில் எல்லாம் சரி. எங்களிடம் அப்படி ஒருவர் வந்தார், பம்ப் கம்பெனியில் வருஷக்கணக்காக இருந்தவர். பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் ஒன்றை, தேய்ந்துபோனதை, வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டார். அதிலிருந்த குழிகளைத் தடவிப் பார்த்த பிறகுதான் கேவிட்டேஷன் (பம்ப்புக்குள் நீராவிக் குமிழ்கள் உடைந்து உலோகத்தை அரிப்பது) என்றால் என்ன என்றே பாதிப் பேருக்குப் பிடிபட்டது. இன்டர்னல் பரீட்சைக்கு அதன் போட்டோவைப் போட்டு, "இந்த பம்ப்பை எங்கே தப்பாக வைத்திருப்பார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தார். கேள்வி வங்கியில் இல்லை என்று, கேள்வித்தாளைச் சரிபார்க்கும் ஸ்க்ரூட்டினியில் அடித்துவிட்டார்கள்.