நாற்பதைத் தாண்டிய பிறகு வயிறு, இடுப்பு, முதுகைப் பலப்படுத்தத் தொடங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாபநாசம் பக்கம், பெண், வயது 47

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வைகாசியில் ஒரு விடியற்காலை, எழுந்த கையோடு வாசல் தெளித்துக் கோலம் போடக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்து உள்ளே வந்து படுத்தவள்தான், நான்கு நாள் எழவில்லை. காலில் மரத்துப்போகிறதா, வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போகிறதா என்று டாக்டர் கேட்டார். எதுவும் இல்லை. தசைப் பிடிப்புதான், வலி குறைந்ததும் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள் என்றார்.

பிசியோ என்னைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கச் சொன்னார். கால் எழும்பும் முன்பே என் இடுப்பு பாயை விட்டு வில்லாக வளைந்துவிட்டது. "வயிற்றுக்குள் பிடிமானம் இல்லை, அந்தச் சுமையையும் முதுகு சுமக்கிறது" என்றார். வயிற்றைச் சுற்றி பெல்ட் மாதிரி ஓடும் உள்தசை, முதுகெலும்பை ஒட்டிய குட்டித் தசைகள், மேலே மூச்சு இழுக்கும் உதரவிதானம், கீழே சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத் தளத் தசை, இவை எல்லாம் ஒன்றாக இறுகினால்தான் நடு உடம்பு நிற்குமாம். எனக்கு எங்கள் பாட்டி வீட்டுக் குதிர்தான் ஞாபகம் வந்தது. சுவர் மட்டும் கெட்டியாக இருந்து அடி விட்டுப்போனால் நெல் நிற்காது.

ஜூன் 12, மேட்டூர் திறக்கும் சமயத்தில் ஆரம்பித்தேன். முதல் வாரம் வெறும் மூச்சுதான். முழங்காலை மடித்துப் படுத்து, வாயால் மெதுவாக ஊதி, அடிவயிறு தானாக உள்ளே இறுகுவதைக் கையால் தொட்டுப் பார்ப்பது. இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று நினைத்தேன். ஆனால் அது பிடிபடாமல் மற்றது எதுவும் பிடிபடவில்லை.

அடுத்தது டெட் பக். மல்லாந்த வண்டு மாதிரி கை காலைத் தூக்கிவைத்துக்கொண்டு, வலது கையையும் இடது காலையும் மட்டும் தரையை நோக்கி இறக்க வேண்டும். இடுப்பு பாயை விட்டு எழும்பினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு பேர்ட் டாக். தவழும் நிலையில் ஒரு கையும் எதிர்க்காலும் நீட்டி, இடுப்பின் மேல் சொம்புத் தண்ணீர் இருப்பதுபோல் அசையாமல் 8 முதல் 10 விநாடி. அதற்கு மேல் இழுக்க வேண்டாம், இறக்கிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள் என்றார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் இப்படிக் குறுகிய நேரப் பிடிப்புகளைத்தான் சொல்கிறார் என்றும் சொன்னார்.

எனக்குப் பெரிய வித்தியாசம் காட்டியது இன்னொரு விஷயம். இரவெல்லாம் படுத்திருப்பதால் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகளில் (டிஸ்க்) நீர் ஊறி, காலையில் விறைத்திருக்கும். அந்த நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் அவற்றில் அழுத்தம் அதிகம். அதனால் எழுந்ததும் பால் வாங்கி, காபி போட்டு, கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் இப்போது கோலம். அதையும் ஒரு காலை மடித்து உட்கார்ந்து போடுகிறேன். மாமியார் முதலில் முகம் சுளித்தார். இப்போது அவரும் அப்படித்தான் உட்காருகிறார்.

வாரத்தில் நான்கு நாள், கால் மணி நேரம். குறுவை அறுப்பு முடிவதற்குள் குடத்தைத் தூக்கினால் மூச்சுப் பிடிக்கவில்லை.

மன்னார்குடி, ஆண், வயது 52

அக்கா, நான் தலைகீழாக ஆரம்பித்தவன். கடையில் பத்து மணி நேரம் உட்காரும் வேலை. வீடியோ பார்த்து முதல் நாளே பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் தரையில் ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது) போட்டு, பல்லைக் கடித்து மூச்சை அடக்கி நின்றேன். எழுந்தபோது தலை சுற்றியது. ஏற்கனவே பிரஷர் மாத்திரை போடுகிறேன். மூச்சை அடக்கித் தம் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும் என்று டாக்டர் கண்டித்தார். இப்போது வாய்விட்டு எண்ணுகிறேன். எண்ணினால் மூச்சை அடக்கவே முடியாது.

தரையையும் விட்டேன். முதலில் சுவரில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நின்றேன். ஒரு மாதம் கழித்து வீட்டுத் திண்ணை விளிம்பு. தரைக்கு வர நான்கு மாதம் ஆனது. உயரம் குறையக் குறையப் பாரம் கூடும், அவ்வளவுதான் சூட்சுமம். அவசரப்பட்டதில் வந்த தோள்பட்டை வலி இன்னும் முழுதாக விடவில்லை. புதிதாக வருபவர்கள் தயவுசெய்து சுவரில் தொடங்குங்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கம், பெண், வயது 44

இதை எழுதத் தயங்கினேன். இரண்டு பிரசவம். தும்மினால், இருமினால் சிறுநீர் கசியும். வயதானால் இப்படித்தான் என்று எட்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியே வயிறு குறையட்டும் என்று நூறு சிட்-அப் போட்டேன், கசிவு கூடியது. பெண் பிசியோ ஒருவர்தான் புரியவைத்தார். அடித்தளம் தளர்ந்திருக்கும்போது மேலிருந்து அமுக்கினால் அது இன்னும் கீழேதான் இறங்கும். இடுப்புத் தளத் தசையை 5 விநாடி இறுக்கி, 5 விநாடி முழுதாக விட வேண்டும். விடுவதும் பயிற்சிதான். மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. உங்களில் யாருக்காவது இது இருந்தால் வெட்கப்படாதீர்கள், கேளுங்கள்.

ஒரு சந்தேகம் அக்கா. எங்கள் அம்மா நடவுக்குப் போகிறார். நாள் முழுக்கக் குனிந்துதான் நிற்கிறார், அதுவே பயிற்சி இல்லையா, பிறகு ஏன் இடுப்பு வலி என்கிறார்.

பாபநாசம் பக்கம்

தைரியமாக எழுதினாயே தங்கச்சி, நன்றி. அம்மா கேட்டதையே நானும் பிசியோவிடம் கேட்டேன். முழுதாகக் குனிந்து தொங்கும்போது முதுகுத் தசைகள் வேலையை விட்டுவிடும், எலும்பைக் கட்டியிருக்கும் நார்கள்தான் பாரத்தைத் தாங்கும். மணிக்கணக்கில் அப்படி நின்றால் நார் இழுபடும், தசைக்குப் பலம் சேராது. அம்மாவிடம் சொல், ஒவ்வொரு நாற்று முடி தீர்ந்ததும் நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து ஐந்து தடவை மெதுவாகப் பின்னால் சாயட்டும். சாயும்போது வலி காலுக்கு இறங்கினால் விட்டுவிட்டு டாக்டரைப் பார்க்கட்டும். ராத்திரி படுக்கும் முன் அந்த மூச்சுப் பயிற்சியை நீயே பக்கத்தில் படுத்துச் சொல்லிக்கொடு.