பெயர் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்

பழைய குடும்பப் படங்களைப் பத்திரப்படுத்தப் போய் யாருக்கு என்ன நடந்தது என்று எழுதச் சொன்னீர்கள். சரி, என் முட்டாள்தனத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டம் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம். அம்மாயியின் தகரப்பெட்டியில் 48 படங்கள் இருந்தன. மழை மாதத்தில் லயம் என்னும் வரிசை வீட்டின் காம்பராவுக்குள் போட்ட துணியே நாலு நாளைக்குக் காயாது, படம் என்ன பாடுபட்டிருக்கும்! அடியில் கிடந்த ஏழெட்டு ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. படத்தாளின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகிப் பசையாகிவிடும். இது தெரியாமல் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். மாமாவின் முகம் உரிந்து அடுத்த படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டது. அதோடு கையை எடுத்துவிட்டேன்.

2009இல் ஹட்டனில் ஒரு சிநேகிதனிடம் ஸ்கேனர் இருந்தது. ஒட்டாத படங்களைக் கொண்டுபோய் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டு வந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாயியை இஸ்தோப்பில் உட்கார வைத்து, ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று கேட்டுக் கேட்டு வேர்ட் கோப்பில் தட்டினேன். அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் பாமினி எழுத்துருதானே. சரியான வேலை செய்துவிட்டோம் என்ற நினைப்பில் இருந்தேன். நாலு வருடம் கழித்து அம்மாயி போய்ச் சேர்ந்தார்.

2021இல் அக்கா மகள் பள்ளிக்கூட வேலைக்காகக் குடும்ப மரம் வரையக் கேட்டாள். கோப்பைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. 'அம்மா' என்று நான் தட்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச். வைரஸ் என்றே நினைத்தேன். புது லேப்டொப்பில் பாமினி இல்லை, அவ்வளவுதான் விஷயம். பாமினியில் தட்டினால் உள்ளே பதிவது ஆங்கில எழுத்து. எழுத்துருதான் அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றும் இணையப் பக்கம் ஒன்றில் ஒட்டினேன். அம்மாயி பேசுவது போலவே வரிவரியாகத் திரும்பி வந்தது. அழுதேன், வெட்கமில்லை.

ஆனால் சந்தோஷம் பத்து நிமிடம்தான். இடையில் ஒரு நாள் நான் 'நல்ல காரியம்' ஒன்று செய்திருந்தேன். மங்கலாக இருந்த படங்களுக்கு வெளிச்சம் கூட்டி, பிடித்த வரிசையில் புது எண் கொடுத்துச் சேமித்துவிட்டு, இடம் அடைக்கிறதென்று பழையதை அழித்திருந்தேன். கோப்பின் திகதியை வைத்து அடுக்கலாம் என்று பார்த்தால் எல்லாம் அந்த ஒரே நாளின் திகதி. பெயரும் இருக்கிறது, படமும் இருக்கிறது, எது எதற்கு என்பது மட்டும் போய்விட்டது.

எண் 17இல் இப்படி இருந்தது: 'தம்பி குடும்பம், இந்தியாவுக்குப் போறதுக்கு முன்ன. மடியில இருக்கிறது செத்துப்போன புள்ள.' மலையகத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு எழுதப்பட்டவர்கள் அவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் இறங்கி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். மடியில் பிள்ளையோடு என்னிடம் மூன்று படங்கள் இருந்தன. முகத்தை வைத்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை.

கூடலூர் அத்தையை வட்ஸ்அப் வீடியோவில் பிடித்தேன். மூன்றையும் காட்டினேன். இரண்டாவதைப் பார்த்ததும், 'அந்தச் சேலை உங்க அம்மாயி இரவல் குடுத்ததுப்பா, எங்கம்மா சாகும் வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்துச்சு' என்றார். பேச்சோடு பேச்சாக உள்ளே போய் அதே படத்தின் இன்னொரு பிரதியை எடுத்து வந்தார். திருப்பிக் காட்டச் சொன்னேன். முதுகில் மை பேனாவால் எல்லாப் பெயரும், கீழே ஸ்டூடியோ முத்திரையும். எங்கள் பெட்டியில் இருந்ததைப் போய்த் திருப்பினேன். அதிலும் அதே கையெழுத்து, ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சை. படத்தின் முகத்தை 600 டிபிஐயில் எடுத்தவனுக்கு முதுகைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுக்கிறேன். அசல் ஸ்கேனைத் தொடுவதில்லை, வெளிச்சம் கூட்டுவதெல்லாம் பிரதியில்தான். கோப்புப் பெயரில் முதலில் வருடம், மாதம், அப்புறம் ஆள், இடம். வருடம் முன்னால் வந்தால் படங்கள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். யார் யார் என்பதைத் தனிக் கோப்பில் வைக்காமல் டிஜிகேம் என்ற இலவச மென்பொருளால் படத்துக்குள்ளேயே யுனிகோடில் எழுதுகிறேன். (செட்டிங்ஸில் போய், விவரத்தைக் கோப்பிலும் எழுது என்று சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தன் கணக்குப் புத்தகத்தில் மட்டும் குறித்துக்கொள்ளும்.)

பண்டாரவளையிலிருந்து:

என் சின்னம்மா கொஸ்லந்தைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். 2014 அக்டோபர் 29, மீரியபெத்தையில் மண் சரிந்த அன்று காலை அவர் வேறு தோட்டத்துக்கு வந்திருந்ததால் தப்பினார். லயத்தோடு ஆல்பம், கல்யாண சீடி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் மண்ணுக்குள். அதற்கப்புறம் அவரிடம் எஞ்சிய படங்கள் எவை தெரியுமா? அவர் பத்திரப்படுத்தியவை அல்ல, மற்றவர்களுக்குக் கொடுத்தவை. கொழும்பில் வேலை செய்த தம்பியின் போனில் பதினொன்று, டுபாயில் இருந்த நாத்தனாரிடம் நாலு.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்று 3-2-1 விதி சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கடைசி ஒன்றுதான் விதி. எங்கள் ஹார்ட் டிஸ்க் ஒன்று என்னிடம், ஒன்று வத்தளையில் தம்பியிடம். சித்திரைக்கு அவன் வரும்போது மாற்றிக்கொள்வோம். ஒரே அலுமாரியில் இரண்டு டிஸ்க் வைத்தால் மண்ணுக்கு அது ஒன்றுதான்.

நுவரெலியாவிலிருந்து, சுருக்கமாக:

கூகுளில் ஏற்றிவிட்டேன், இனிக் கவலையில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் அப்பா இறந்து அவருடைய சிம் செயலிழந்தது. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் யாரும் உள்ளே போகாத கணக்கை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கினார்கள். அப்பாவுடையதும் போயிற்று. 'செயல்படாத கணக்கு நிர்வாகி' என்று ஒரு வசதி அதில் இருக்கிறது, நம்பகமான ஆளின் பெயரை அங்கே கொடுத்து வைக்கலாம். அம்மாவின் கணக்கில் முந்தாநாள் என் பெயரைப் போட்டேன். 'நான் சாகப் போறேனா?' என்று கேட்டு இரண்டு நாளாகப் பேசவில்லை.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு கேள்வி:

அண்ணே, எனக்கு எல்லாப் படமும் குடும்ப வட்ஸ்அப்பில்தான் வந்திருக்கிறது. திகதி வாரியாக அடுக்கினால் 1980இல் எடுத்தது 2019இல் நிற்கிறது. என்ன செய்வது?

முதலில் எழுதியவன்:

தம்பி, வட்ஸ்அப் படத்தின் கோப்புப் பெயரில் வரும் திகதி உங்கள் கைக்கு வந்த நாள், எடுத்த நாள் அல்ல. வட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதோடு உள்ளே எழுதியிருக்கும் திகதி, விவரம் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடும். அனுப்பியவரிடம் அசலை 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே முழுசாக வரும். அசல் இல்லையென்றால் உங்கள் ஊகத்தை எழுதுங்கள், ஊகம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

பண்டாரவளை அக்கா, சின்னம்மாவின் பதினைந்து படங்களுக்கும் அவரிடமே பெயர் கேட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே கேளுங்கள்.

என் பட்டியலில் 40இல் 38 பொருந்திவிட்டன. எண் 31 இன்னும் இழுக்கிறது. அம்மாயி சொன்னதை அப்படியே தட்டியிருக்கிறேன்: 'பீலிக்கரையில நான். கண்ணாடி போட்டவர் யாருன்னு சொல்ல மாட்டேன்.' பீலிக்கரையில், அதாவது தோட்டத்துத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், எடுத்த படங்கள் இரண்டு. கண்ணாடி போட்டவர் இரண்டிலுமே இருக்கிறார்.