பெட்டியைப் பூட்டியது சரியா? அயர்லாந்தின் ரகசிய வாக்குமூலங்கள்

மருதன்:
கேள்வி இதுதான். வன்முறைக் காலத்தில் நடந்ததை அறிந்தவரிடம், "நீங்கள் இருக்கும்வரை இது வெளியே போகாது" என்று வாக்குக் கொடுத்துப் பேச வைக்கலாமா? வைக்கலாம் என்பது என் கட்சி. சாட்சிக்கு அயர்லாந்தைக் கூப்பிடுகிறேன்.

1947இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை ராணுவ வரலாற்றுப் பணியகம் ஒன்றை அமைத்தது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த போராட்டத்தில், 1913இல் தொண்டர் படை தொடங்கியதிலிருந்து 1921 ஜூலை 11இல் பிரிட்டனோடு போர்நிறுத்தம் ஆனது வரை நடந்ததை, பங்கெடுத்தவர்கள் வாயாலேயே வாங்கி வைப்பது அதன் வேலை. பத்து வருடத்தில் 1,773 வாக்குமூலங்கள் சேர்ந்தன. 1959 மார்ச்சில் அத்தனையையும் 83 எஃகுப் பெட்டிகளில் போட்டு அரசு வளாகத்துக் காப்பறையில் பூட்டினார்கள். திறந்தது 2003இல். இன்று இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். பதுங்கித் தாக்கிய இடத்தில் எத்தனை துப்பாக்கி, ஆளுக்கு எத்தனை தோட்டா, ராத்தங்க எந்த வீட்டில் கதவு திறந்தார்கள், உளவு சொன்னதாக யாரைச் சுட்டார்கள், எல்லாம் இருக்கிறது. 1950இல் இதை ஊரறியச் சொல்லியிருப்பார்களா? சுட்டவனும் செத்தவன் மகனும் ஞாயிறுதோறும் ஒரே தேவாலயத்துக்குப் போன காலம் அது.

நெய்தல்:
நிறைய இருக்கிறது என்பதும் நம்பலாம் என்பதும் ஒன்றல்ல. அந்த வாக்குமூலம் எப்படித் தயாரானது என்று பாருங்கள். விசாரணை அலுவலர் வீட்டுக்குப் போவார், கேட்பார், குறிப்பெடுப்பார். பிறகு குறிப்புகளைக் கோத்து அவரே ஓட்டமான உரைநடையாக எழுதுவார். தட்டச்சு ஆனதும் சாட்சி படித்துக் கையெழுத்துப் போடுவார். கேட்ட கேள்வி தாளில் பெரும்பாலும் இருக்காது. சாட்சி எங்கே தயங்கினார், எதைச் சொல்ல மறுத்தார் என்பதும் இருக்காது. ஒரே மாவட்டத்து ஐந்தாறு பேரைச் சேர்த்துப் படித்தால் வாக்கிய நடைகூட ஒன்றுபோல இருக்கும். அது அலுவலரின் குரல்.

சம்பவம் 1920, சொன்னது 1950. முப்பது வருட இடைவெளி. பூட்டியது 44 வருடம். "அப்படி நடக்கவில்லை" என்று மறுக்கக்கூடிய எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் பெட்டி திறந்தது.

இன்னொன்று, அந்த 1921 ஜூலை கோடு. 1922-23 உள்நாட்டுப் போர் வேண்டுமென்றே வெளியே விடப்பட்டது. அண்ணன் தம்பி எதிரெதிராக நின்ற போரைப் பற்றி அரசு கேட்கவே இல்லை. பிரிட்டனோடு 1921 முடிவில் போட்ட ஒப்பந்தம்தான் அந்தப் போருக்குக் காரணம். அதை எதிர்த்துத் தோற்ற பலர், இது நம்மை வென்றவர்களின் அலுவலகம் என்று பணியகத்தோடு பேச மறுத்தார்கள். பூட்டு அவர்களை வரவழைக்கவில்லையே?

மருதன்:
வராதவரைக் கணக்கில் வைக்கிறீர்கள், வந்தவரை விட்டுவிடுகிறீர்கள். குறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குச் சரிபார்க்கும் வழி உண்டு. வாக்குமூலத்தைத் தனியாக நம்பக் கூடாது. அதே ஆளின் ராணுவச் சேவை ஓய்வூதியக் கோப்பை எடுங்கள். 1924 சட்டம் அரசுப் படையில் இருந்தவர்களுக்கு. 1934 சட்டம் எதிரணியினருக்கும் குமன் நா மான் என்ற பெண்கள் படைப்பிரிவினருக்கும் வழிவிட்டது. அந்தக் கோப்பில் வேறு வகைப் பொய் இருக்கும்: பணம் கிடைக்க வேண்டுமென்றால் 'களத்தில் இருந்தேன்' என்று நிரூபிக்க வேண்டும், அதனால் ஊதிச் சொல்வார்கள். பழைய தளபதிகளிடம் கேட்டுச் சரிபார்த்த தாளும் அதே கோப்பில் இருக்கும். மூன்றாவதாக, பிரிட்டிஷ் காலப் போலீஸ் அறிக்கை. பொய் சொல்ல மூன்றுக்கும் வெவ்வேறு காரணம். அப்படியும் மூன்றும் ஒத்துப்போகும் இடத்தில் கை வைக்கலாம்.

சட்டப்பித்தன்:
இருவரும் பழைய பெட்டியிலேயே நிற்கிறீர்கள். வாக்குக் கொடுத்தவர் கையில் பூட்டின் சாவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி எடுத்த பேட்டி நாடாக்கள் இருக்கின்றன.

2001 முதல் சில வருடம், வட அயர்லாந்து மோதலில் இருந்த முன்னாள் ஆயுதக்காரர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் பேட்டி எடுத்தார்கள். அயர்லாந்தோடு இணையப் போராடிய குடியரசுத் தரப்பு, பிரிட்டனோடு இருக்கப் போராடிய விசுவாசத் தரப்பு இரண்டும். இறந்த பிறகே வெளிவரும் என்பது வாக்கு. திட்ட இயக்குநருக்கும் கல்லூரிக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் "அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்ற வரி இருந்தது. பேட்டி கொடுத்தவர்கள் கையெழுத்திட்ட படிவத்தில் அந்த வரி இல்லை. ஓட்டை அங்கேதான்.

2010இல், இறந்துபோன இருவரின் பேட்டிகள் புத்தகமாக வந்தன. 2011இல் வட அயர்லாந்துப் போலீசுக்காக, பிரிட்டன்-அமெரிக்கப் பரஸ்பரச் சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியே கல்லூரிக்குச் சம்மன் வந்தது. வழக்கு, பத்துப் பிள்ளைகளின் தாயான ஜீன் மெக்கான்வில் 1972 டிசம்பரில் கடத்திக் கொல்லப்பட்டது. கீழ் நீதிமன்றம் 85 பேட்டிகளை ஒப்படைக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் 11 ஆகக் குறைந்தது. 2013இல் அவை கைமாறின.

கடைசியில் என்ன ஆனது? 2019இல், அந்தக் கொலைக்குத் தூண்டியதாக ஐவர் பெல் (Ivor Bell) என்ற முன்னாள் ஐஆர்ஏ (ஐரிஷ் குடியரசுப் படை) தலைவர் மீது நடந்த விசாரணையில், நாடாவை நம்பத்தக்க சாட்சியமாக ஏற்க முடியாது என்று நீதிபதி ஒதுக்கினார். குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. வாக்கும் போனது, வழக்கும் நிற்கவில்லை. மெக்கான்வில் பிள்ளைகளுக்கு மட்டும் பதில் இல்லை.

நெய்தல்:
நன்றி, என் வாதத்துக்கே வலு சேர்த்தீர்கள். பலவீனமானவர்கள் பேசும்போது பூட்டு யாருக்கு உதவுகிறது என்பதையும் பார்ப்போம்.

மணமாகாத தாய்மாரையும் அவர்கள் குழந்தைகளையும் வைத்திருந்த தாய்-சேய் இல்லங்களைப் பற்றி அயர்லாந்தில் விசாரணை ஆணையம் 2015இல் தொடங்கியது. டூவம் ஊர் இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் பட்டியலை உள்ளூர் ஆய்வாளர் கேத்தரின் கோர்லெஸ் தொகுத்த பிறகு வந்த ஆணையம் அது. அதன் ரகசியக் குழுவிடம் சுமார் 550 பேர் பேசினார்கள். பெரும்பாலோர் பேச்சு ஒலிப்பதிவானது. சுருக்கம் எழுதியதும் பதிவுகளை அழித்துவிட்டார்கள். "முன்பே சொல்லியிருந்தோம்" என்றது ஆணையம். "எங்களிடம் யாரும் சொல்லவில்லை" என்றார்கள் பேசியவர்கள் பலர். சுருக்கத்தில் தங்கள் பேச்சு திரிந்துவிட்டது என்று சிலர் சொன்னபோது ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லை. கூச்சல் எழுந்த பிறகு 2021இல், மாற்றுப் பிரதியாக இருந்த காப்பு நாடாக்களிலிருந்து (backup) மீட்டார்கள். காப்பு நாடா இல்லாமல் போயிருந்தால்?

இதைவிடக் கொடுமை, சத்தியப் பிரமாணம் இல்லாமல் சொன்னது என்பதால் அந்தச் சாட்சியங்களுக்கு இறுதி அறிக்கையில் உரிய எடை தரவில்லை என்று ஆணைய உறுப்பினர் ஒருவரே பிறகு ஒரு கருத்தரங்கில் விளக்கினார். ரகசியம் என்று சொல்லிப் பேச வைத்து, ரகசியமாகப் பேசியதாலேயே தள்ளிவைத்தால் எந்த ஊர் நியாயம்? அந்த ஆணையத்தின் ஆவணங்களை 30 வருடம் மூடி வைப்பது பற்றி 2020 அக்டோபரில் எழுந்த எதிர்ப்பும் சும்மா வரவில்லை.

மருதன்:
இங்கே தப்பு அழித்தது. பூட்டியதைக் குறை சொல்லாதீர்கள். 83 பெட்டிகளில் ஒரு தாளையும் கொளுத்தவில்லையே.

நெய்தல்:
தாய்க்குத் தன் பேச்சையே திருப்பிக் கேட்க உரிமை இல்லை என்றால், அது அழிந்தாலென்ன, பூட்டினாலென்ன?

சட்டப்பித்தன்:
பூட்டு வேலை செய்த இடம் ஒன்று உண்டு, இருவரும் தொடவே இல்லை. ஐஆர்ஏ முதலிய அமைப்புகள் கொன்று ரகசியமாகப் புதைத்தவர்களைத் தேட 1999இல் லண்டனும் டப்ளினும் உடன்படிக்கை போட்டு ஒரு ஆணையம் அமைத்தன. இரண்டு நாட்டிலும் தனித்தனிச் சட்டம். ஆணையத்துக்கு வரும் தகவலைக் குற்ற வழக்கில் சாட்சியமாக்க முடியாது, போலீசுக்கும் தர முடியாது. கிடைத்த எச்சங்களில் ஆள் யார் என்று காணத் தேவையான பரிசோதனை மட்டும். பட்டியலில் 17 பேர். 13 பேர் குடும்பத்துக்குக் கிடைத்துவிட்டார்கள். சதுப்பு நிலத்தில் தோண்டுவது லேசான வேலையில்லை. பாசிக்கரி மண் அடையாளத்தை விழுங்கிவிடும், இருபது வருடத்தில் மரங்கள் வளர்ந்து இடமே மாறிவிடும். சொன்னவர் ஐம்பது மீட்டர் தப்பாகக் காட்டினால் ஒரு பருவம் முழுக்க வீண்.

இதில் முரண் ஒன்று. மெக்கான்வில் உடல் 2003 ஆகஸ்டில் லௌத் மாவட்டக் கடற்கரையில் நடந்துபோனவர் கண்ணில் தற்செயலாகப் பட்டது. ஆணையத்துக்கு வந்த தகவலால் கிடைக்காததால் அந்தச் சட்டக் கவசம் அதற்குப் பொருந்தவில்லை. போலீஸ் விசாரணைக்கு வழி திறந்திருந்தது. பாஸ்டன் வரை சம்மன் போனது அதனால்தான்.

மருதன்:
இது என் பக்கம். சட்டமே சாவியாக இருந்தால் பேசுகிறார்கள்.

நெய்தல்:
எங்கே புதைத்தோம் என்று மட்டும்தான் பேசுகிறார்கள். யார் சொல்லிச் சுட்டார்கள் என்று அந்த ஆணையம் கேட்கவும் முடியாது. எலும்பு கிடைத்தது குடும்பத்துக்குப் பெரிது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதை உங்கள் 1,773 வாக்குமூலங்களின் தட்டில் வைக்காதீர்கள்; அவர்கள் சொன்னது யார் சுட்டது, ஏன் சுட்டது என்பதை.

மருதன்:
அப்படியானால் பாஸ்டன் படிவத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்கிறீர்கள்?

நெய்தல்:
"அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்று விடுபட்ட அதே வரியை, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே. பாதிப்பேர் பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள்.

சட்டப்பித்தன்:
பாதிக்கு மேல்.