ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம்: காம்ப்ரஹென்ஷன், கிராமர் இரண்டையும் 10 பீரியடில் திருப்ப முடியுமா?

கோத்தகிரி டீச்சர்:
வணக்கம். 34 பிள்ளைகள். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் ஆங்கிலத் திருப்புதலுக்கு 10 பீரியட்தான் இருக்கிறது, பீரியடுக்கு 40 நிமிடம். மணி அடித்ததும் பஸ் பிடிக்க ஓட வேண்டியவர்கள், அதனால் மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைக்க வழியில்லை. காம்ப்ரஹென்ஷனில், அதாவது பத்தியைப் படித்து விடை எழுதும் பகுதியில், கேள்வியில் இருக்கும் ஒரு சொல் பத்தியில் எங்கே தென்படுகிறதோ, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். கிராமரில் வேறு சிக்கல். கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பும் பிள்ளையே கடிதம் எழுதும்போது 'ஹி கோ', 'டிட் நாட் வென்ட்' என்று எழுதுகிறது. நேரத்தை எப்படிப் பிரிப்பது?

குன்னூர் பி.டி.:
பிரிக்க வேண்டாம் டீச்சர். ஒரே பத்தியை வைத்து ஒரு பீரியட் வாசிப்பு, மறு பீரியட் கிராமர். அப்படி 4 பத்தி. மீதி 2 பீரியட் பழைய விடைத்தாளுக்கு.

பத்தி 120 முதல் 150 சொல்லுக்குள் இருக்கட்டும். நம் நீலகிரி மலை ரயிலையே எடுக்கலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை செங்குத்தான ஏற்றம், சாதாரணச் சக்கரம் வழுக்கும், அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை, இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும், பாதை திறந்தது 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை. இவ்வளவையும் எளிய ஆங்கிலத்தில் 12 வாக்கியமாக எழுதி, வாக்கியத்துக்கு எண் போட்டுவிடுங்கள்.

கேள்வி 5 போதும். நேரடியாக விடை கிடைப்பது 2. 'இட்' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று 1. ஒரு சொல்லுக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்று 1. ஊகிக்க வேண்டியது 1: இன்ஜின் ஏன் கீழ்ப்பக்கம் இருக்கிறது? பத்தியில் விடை நேராக இருக்காது. ஏற்றத்தைப் பற்றிய வாக்கியத்தையும் தள்ளுவதைப் பற்றிய வாக்கியத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான், பெட்டி கழன்றால் பின்னால் உருண்டுவிடும் என்று புரியும். வரியைப் பெயர்த்து எழுதும் பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும்.

பெயர்த்தெழுதுவதை நிறுத்த ஒரு வழி. விடை இருக்கும் வாக்கிய எண்ணை முதலில் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு விடை எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகே திருப்பிப் பார்க்கலாம். பார்க்காமல் எழுதும்போது சொந்த வாக்கியம் தானாக வரும், அதில்தான் கிராமர் பிழையும் வெளியே தெரியும். மார்க்கில் பாதி வாக்கிய எண்ணுக்கு, பாதி எழுதியதற்கு. தெரிந்த விஷயம் என்பதால் சிலர் பத்தியைப் படிக்காமலே விடை எழுதுவார்கள், அவர்களையும் இந்த எண் பிடித்துக்கொடுக்கும்.

கொடைக்கானல் ஆங்கிலம்:
கிராமர் பீரியடுக்குச் சொல்கிறேன். எல்லாத் தலைப்பையும் தொடாதீர்கள். அரையாண்டு விடைத்தாளில் கடிதப் பகுதியை மட்டும் எடுத்து, எந்தப் பிழை எத்தனை தாளில் வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். அதிகம் வரும் மூன்றை மட்டும் நடத்துங்கள்.

அதே பத்தியில் 8 வினைச்சொல்லை அழித்துவிட்டு மூலவடிவத்தை மட்டும் கொடுங்கள். 'தி டிரெயின் கிளைம்ஸ்' என்பதில் 'கிளைம்' மட்டும் இருக்கும். நிரப்பிய பிறகு, முதல் வாக்கியத்தில் 'டிரெயின்' என்பதை 'டிரெயின்ஸ்' ஆக்கி முழுப் பத்தியையும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். தமிழில் வினைமுற்று எழுவாயோடு ஒத்துப்போகும் பழக்கம் பிள்ளைக்கு உண்டு. 'வருகிறான், வருகிறார்கள்' யாரும் தவறாகச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ('ஹி', 'ஷி', 'இட்') 'ஸ்' சேர்வதுதான் நழுவுகிறது. தனித்தனி வாக்கியத்தில் கேட்டால் எதைச் சோதிக்கிறோம் என்று தெரிந்து கவனமாக எழுதும். பத்தி முழுக்க மாற்றும்போது நான்காவது வரியில் விட்டுவிடும், திருத்த வேண்டிய இடம் அதுதான்.

'டிட் நாட் வென்ட்'-க்கு விதியைச் சொல்வதைவிட, இறந்தகாலம் ஒரு இடத்தில்தான் உட்காரும், 'டிட்' அதை எடுத்துக்கொண்டது என்று சொல்லி, இறந்தகாலம் காட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் கோடு போடச் சொல்லுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு கோடு விழுந்தால் ஒன்றைத் திருத்த வேண்டும் என்று பிள்ளைக்கே தெரியும்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில், அதாவது ஒருவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்லும் வாக்கியத்தில், கேள்வி வாக்கியம் தனியாகக் கவனிக்க வேண்டியது. 'எங்கே போறேன்னு கேட்டான்' என்று நாம் கேள்வியின் வரிசையை மாற்றாமலே சொல்கிறோம். அதே பழக்கத்தில் 'ஹி ஆஸ்க்ட் வேர் வாஸ் ஐ கோயிங்' என்று எழுதுவார்கள். 'வேர் ஐ வாஸ்' என்று வரிசை திரும்ப வேண்டும்.

கூடலூர் ஆங்கிலம்:
சார்கள் இருவரும் சொன்னது சரளமாக வாசிக்கிற பிள்ளைக்குச் சரி. எங்கள் பக்கம் ஒரே வகுப்பில் தமிழும் மலையாளமும் வீட்டுமொழியாக இருக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் தாளைக் கவிழ்க்கச் சொன்னால் வெற்றுத்தாள்தான் கிடைக்கும். முதலில் ஆசிரியர் ஒருமுறை வாசிக்க வேண்டும், பிறகு இருவர் இருவராக மாறிமாறி ஒவ்வொரு வாக்கியம். அவர்களுக்கு முதல் 6 வாக்கியமும் நேரடிக் கேள்வி இரண்டும் போதும். விடையைத் தமிழில் வாயால் சொல்லட்டும். புரிந்ததா என்பது அதில் தெரிந்துவிடும், ஆங்கிலத்தில் எழுதுவது அடுத்த வேலை.

இன்னொன்று. கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போகச் சொல்லும் வழக்கம் பல பள்ளியில் இருக்கிறது. திருப்புதலில் வேண்டாம் என்பேன். கேள்விச் சொல்லைத் தேடிப் போகும் பழக்கம் அதிலிருந்துதான் வருகிறது. பத்தியை ஒருமுறை முழுதாகப் படித்து, எதைப் பற்றியது என்று ஒரு வரி எழுதிய பிறகே கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

கோத்தகிரி டீச்சர்:
நன்றி சார். 34 பேருக்கும் பத்தியை ஜெராக்ஸ் எடுக்க முடியாது. கரும்பலகையில் எழுதினால் கவிழ்க்க முடியாதே?

குன்னூர் பி.டி.:
முந்தைய நாள் கடைசி 10 நிமிடத்தில் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், வாக்கிய எண்ணோடு. வலப்பக்கத்தில் பத்தி, அதன் பின்பக்கத்தில் விடை. தாளைப் புரட்டினால்தான் பத்தி தெரியும். எழுதும்போது வரும் ஸ்பெல்லிங் பிழையை மறுநாள் பக்கத்துப் பிள்ளையோடு நோட்டு மாற்றிச் சரிபார்க்க 3 நிமிடம் ஒதுக்குங்கள். பிழையான பத்தியிலிருந்து விடை எழுதினால் இரட்டைத் தவறாகிவிடும்.