இரா. செழியனின் 1984 தோல்விக்கு அனுதாப அலை மட்டும்தான் காரணமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். இரா. செழியனைப் பற்றிக் கல்லூரிக் கருத்தரங்குக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1962இல் பெரம்பலூரிலும், 1967, 1971 ஆகிய தேர்தல்களில் கும்பகோணத்திலும் தி.மு.க. சார்பில் வென்று மக்களவைக்குச் சென்றவர். பின்னர் ஜனதா கட்சிக்கு வந்து 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தவர். அப்படிப்பட்டவர், 1984 டிசம்பரில் தென் சென்னையில், முதன்முறையாகத் தேர்தல் களம் கண்ட நடிகை வைஜெயந்திமாலாவிடம் ஏறத்தாழ 48,000 வாக்குகளில் தோற்றிருக்கிறார். இந்திரா காந்தி கொலையுண்டதால் எழுந்த அனுதாப அலை ஒன்றே இதற்குக் காரணம் என்று எழுதிவிடலாமா?

பதில் 1 (மயிலாப்பூர்):
அலை இருந்தது உண்மைதான். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தார் என்பதும் சேர்ந்துகொள்ள, 39 தொகுதிகளில் 37ஐ காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணி அள்ளிச் சென்றது. ஆனால் மிஞ்சிய இரண்டு தொகுதிகள் எவை என்று பாருங்கள்: வட சென்னையும் மத்திய சென்னையும். அடுத்தடுத்த தொகுதிகளில் தி.மு.க. அலையைத் தாங்கி நின்றபோது, தி.மு.க. கூட்டணியில் ஜனதா வேட்பாளராக நின்ற செழியன் தென் சென்னையில் மட்டும் ஏன் சரிந்தார் என்பதற்கு அலையை மட்டும் சொன்னால் போதாது.

அந்த இரண்டு இடங்களிலும் சின்னம் உதயசூரியன். இங்கே ஜனதாவின் ஏர் உழவன். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு என்பதால் கையில் இரண்டு சீட்டுகளைக் கொடுத்தார்கள். என் தாயார் வாக்குச்சாவடியிலிருந்து வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள், "தில்லிச் சீட்டில் சூரியனையே காணோமே, ரொம்ப நேரம் தேடினேன்" என்றது இன்னும் நினைவிருக்கிறது. இதோடு, 1977, 1980 தேர்தல்களில் அத்தொகுதியை ஆர். வெங்கட்ராமன் காங்கிரஸுக்காக வென்றிருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அலை வருவதற்கு முன்பே செழியனுக்குக் கடினமான தொகுதி அது.

பதில் 2 (கும்பகோணம்):
ஐயா சொன்ன சின்னக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் தோல்விக்கு அலையைக் காரணம் காட்டுகிறவர்கள் வெற்றிக்கும் அதே அளவுகோலை வைக்க வேண்டும். எங்கள் கும்பகோணம் 1967க்கு முன் பத்தாண்டுகள் காங்கிரஸின் சி.ஆர். பட்டாபிராமனிடம் இருந்த தொகுதி. 1967இல் தி.மு.க. போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளிலும் வென்றது என்னும்போது, செழியனின் வெற்றி முழுவதும் அவருடைய சொந்தச் செல்வாக்கால் வந்தது என்று எங்கள் ஊர்க்காரனான நானே சொல்ல மாட்டேன். அலையே இல்லாத காலத்தில் கிடைத்த 1962 வெற்றிதான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த ஆண்டு கட்சிக்கு மக்களவையில் கிடைத்தவை 7 இடங்கள்தாம்.

வாக்கு எண்ணிக்கையில் வராத இன்னொன்றையும் எழுதுங்கள். 1971 முதல் 1973 வரை அவர் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு, அனுமதித்த பணம் அனுமதித்த காரியத்துக்குத்தான் செலவானதா என்று துறைச் செயலாளர்களைக் கேட்கும் குழு அது. கணிதம் படித்தவருக்கு மிகப் பொருத்தமான இடம். ஆனால் அங்கே செய்த வேலை எந்தச் சுவரொட்டியிலும் ஏறாது, எந்தத் தேர்தலிலும் ஒரு வாக்கைக்கூடக் கூட்டித் தராது.

பதில் 3 (வேலூர்):
கட்டுரையை 1984இல் முடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நெருக்கடி நிலையில் நடந்த அத்துமீறல்களை விசாரித்த நீதிபதி ஷா ஆணையம் 1978இல் மூன்று பகுதிகளாக அறிக்கை தந்தது. 1980இல் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் அந்த அறிக்கையின் பிரதிகள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. செழியன் தம்மிடம் இருந்த பிரதியைப் பத்திரமாக வைத்திருந்து, 2010இல் தமது 87ஆம் வயதில் அதைத் தொகுத்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அப்போது அவர் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை.

அந்தப் பதிப்பைப் படித்த பிறகுதான், தணிக்கை செய்யப்பட்ட செய்தித்தாள்களைப் பற்றியும் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டவர்களைப் பற்றியும் என் தந்தை சொன்னவற்றில் மிகை ஏதும் இல்லை என்று எனக்கு விளங்கியது. நூலகத்தில் கிடைத்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்கள் தேர்தல் அட்டவணைக்குப் பக்கத்திலேயே அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.