500 ஜிபி ஹார்ட் டிஸ்க் தேடி அலைந்தேன்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

இராஜாக்கமங்கலத்துக்காரன்:

அம்மா இறந்து, வரும் தையோடு மூன்று வருடம் ஆகிறது. அவர் பேசிய பதிவுகள், அப்பா எடுத்த போட்டோக்களின் ஸ்கேன், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சின்ன வயது வீடியோ எல்லாம் சேர்த்தால் 210 ஜிபி. அக்கா, நான், தங்கை என்று நாங்கள் மூன்று பேர். ஆளுக்கு ஒரு 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி, மூன்று வீட்டிலும் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

போன சனிக்கிழமை நாகர்கோவில் வடசேரியில் பஸ் இறங்கி, மணிமேடை, கோர்ட் ரோடு என்று நான்கு கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில், "500 எல்லாம் இப்பம் வராது அண்ணே, ஒரு டிபியில இருந்துதான் ஆரம்பம்" என்றார்கள். ஒரு டிபி என்றால் ஆயிரம் ஜிபி. இரண்டாவது கடையில், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதிந்து வைக்கும் எஸ்எஸ்டியை எடுத்து வைத்தார்கள். மூன்றாவது கடையில், கிளவுடில் போட வேண்டியதுதானே என்று கேட்டார்கள். மாதாமாதம் காசு கட்டி, ஒரு மாதம் மறந்தால் என்னாகுமோ என்று அம்மாவின் குரலுக்காகப் பதறிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

நான்காவது கடைக்காரர் வயதானவர். உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். எல்லாம் பழைய லேப்டாப்பில் கழற்றிய 2.5 இஞ்ச் டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் ஸ்டிக்கர் மேலும் நீலப் பேனாவால் "ஓகே" என்று எழுதியிருந்தது. ஒரு 320 ஜிபியைக் கேஸோடு வாங்கி வந்து, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் ஓடிய நேரம் 21,000 மணிக்கு மேல். இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடினாலே இரண்டு வருடத்துக்கு 17,520 மணிதான். அதில் வைக்க மனசு வரவில்லை. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் காசைத் திருப்பித் தந்தார், நல்ல மனிதர்.

மூன்று பிரதி எதற்கு என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். 2017 நவம்பர் 30-ஐ மறந்துவிட்டார்கள் போல. ஒக்கி புயல் அடித்த அன்று பின்பக்கத்து ஓடு பறந்து, ஆல்பம் இருந்த அலமாரி மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரும் நனைந்து போனது. பல நாள் கரண்ட் இல்லை. ஆல்பத்தைக் காயவைத்துத் திறந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டியிருந்தது. மெல்லப் பிரித்தேன். அப்பாவின் வெள்ளைச் சட்டை இந்தப் பக்கம் நின்றது, முகம் அந்தப் பக்கத்துத் தாளோடு உரிந்து போய்விட்டது. மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டு பீரோவில், சேலைக்கு அடியில், அதற்கு முந்தைய வருடம் நான் கொடுத்திருந்த 250 ஜிபி டிஸ்க் ஒன்று கிடந்தது. இன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் அப்பாவின் படம் அதிலிருந்து எடுத்ததுதான்.

ஜிபிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் பெரிய டிஸ்க்தான் லாபம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரதிக்கு இவ்வளவு என்று பார்த்தால் அப்படி இல்லையே. 210 ஜிபியை மூன்று இடத்தில் வைக்க 3 டிபிக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. கையில் அவ்வளவு இல்லாதவர் ஒரே ஒரு பெரிய டிஸ்க்கை வாங்கி, குடும்பத்தின் மொத்தத்தையும் அதில் கொட்டி வைப்பார். அது ஒரு நாள் கை தவறிக் கீழே விழுந்தால்? எனக்குப் பயம் அதில்தான்.

இல்லையென்றால் மலிவாகக் கிடைப்பதை நம்பி ஏமாறுவார்கள். தங்கை மகன் ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் என்று ஒன்றை வாங்கினான். கம்ப்யூட்டரும் 2 டிபி என்றே காட்டியது, காப்பியும் ஓடி முடிந்தது. திறந்து பார்த்தால் முதல் சில ஃபோல்டர்கள் சரியாக இருந்தன. அதற்குப் பிறகு பெயர் மட்டும் இருக்கிறது, படம் திறக்கவில்லை. உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளைப் போட்டுச் சோதித்தபோது உள்ளே 60 ஜிபிகூட இல்லை என்று தெரிந்தது. எதை வாங்கினாலும் முதலில் இந்தச் சோதனையை ஓட்டிவிட்டு, அப்புறம் படத்தைப் போடுங்கள்.

விளவங்கோட்டான்:

அண்ணே, லேப்டாப் சர்வீஸ்தான் எனக்குத் தொழில். கடைக்காரர்கள் ஒளித்து வைக்கவில்லை, சரக்கே வருவதில்லை. டிஸ்க்கைப் பிரித்தால் உள்ளே ஒரு தட்டு, சுழற்ற மோட்டார், படிக்க ஹெட், ஒரு போர்டு, அலுமினிய உடம்பு. 250 ஜிபி ஆனாலும் இத்தனையும் வேண்டும். இப்போது அந்த ஒற்றைத் தட்டிலேயே 1 டிபி அடங்கிவிடுகிறது. கொள்ளளவைப் பாதியாக்கினால் செலவு பாதியாகாது.

முன்பு லேப்டாப்புக்காகவே 2.5 இஞ்ச் டிஸ்க் கோடிக்கணக்கில் போனது. லேப்டாப் எல்லாம் எஸ்எஸ்டிக்கு மாறியதும் அந்த ஓட்டம் படுத்துவிட்டது. தயாரிப்பவர்களும் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே பேர்தான். சாம்சங் தன் டிஸ்க் தொழிலை 2011-ல் சீகேட்டுக்கு விற்றது. ஹிட்டாச்சியின் தொழில் 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது. இன்று அவர்களுக்கு வருமானம் தருவது டேட்டா சென்டர்கள் வாங்கும் 20 டிபிக்கு மேற்பட்ட 3.5 இஞ்ச் டிஸ்க்குகள். நம் பீரோவுக்குள் இருப்பதை யார் நினைக்கப் போகிறார்கள்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். எஸ்எஸ்டியை வாங்கி வருடக்கணக்கில் பீரோவில் போட்டு மறந்துவிடாதீர்கள். கரண்டே கொடுக்காமல் கிடந்தால் அதில் நிற்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும், வெக்கையில் இன்னும் சீக்கிரம் கசியும். அவ்வப்போது செருகிப் படித்துப் பாருங்கள்.

குளச்சல் கரை:

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் அலை தெரியும். உப்புக்காற்றில் ஆணி முதல் கேட் வரை துரு. முதலில் வாங்கிய டிஸ்க்கின் யூஎஸ்பி முனையில் பச்சைக் களிம்பு பிடித்துப் போயிற்று. இப்போது இறுக மூடும் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கிறேன். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வெளியே எடுத்து, நான்கைந்து வீடியோ ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடி வைப்பேன்.

இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியாக 320 ஜிபி வைத்திருந்தேன். மூத்தவள் கல்யாணமாகிப் போனபோது அவளுடையதை நகைப்பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். பிறந்த நாள் முதல் நற்கருணை எடுத்த நாள் வரை எல்லாம் அதில் இருக்கிறது. இளையவளுடையது போன வாரம் முதல் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. அதே அளவில் வேறு வாங்கலாம் என்றால், தம்பி சொல்வதுபோல எங்கும் இல்லை.

விளவங்கோட்டான்:

அக்கா, சத்தம் வந்தால் ஈஸ்டர் வரை வைக்காதீர்கள். வீடியோ ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஒரே தடவை செருகி, எது போனால் தாங்க மாட்டீர்களோ அதை முதலில் காப்பி எடுங்கள். நடுவில் நின்றுவிட்டால் திரும்பத் திரும்பச் செருகாமல் கொண்டுவாருங்கள்.

இராஜாக்கமங்கலத்துக்காரன்:

தம்பிக்கு நன்றி. நாங்கள் மூன்று பேரும் பேசினோம். வேறு வழியில்லை, ஆளுக்கு ஒரு 1 டிபி, அவரவர் காசில். இடம்தான் மிஞ்சுகிறதே என்று அக்கா வீட்டுப் படங்களும் தங்கை வீட்டுப் படங்களும் மூன்று டிஸ்க்கிலும் ஏறப் போகின்றன. அடுத்த ஞாயிறு மார்த்தாண்டத்தில் கூடி உட்கார்ந்து காப்பி எடுக்கிறோம். பீரோவில் இருக்கும் பழைய 250 ஜிபி இன்னும் ஓடுகிறது. புதியது வந்தாலும் அதை எடுக்கக் கூடாது, சேலைக்கு அடியிலேயே கிடக்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார்.