சூரியச் சுவாலை நிமிடங்களில் சீறுவது எப்படி? காந்த மறுஇணைப்பு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எம்.எஸ்சி. மாணவர்களுக்குக் காந்த மறுஇணைப்பு பற்றி வகுப்பெடுக்கப் போகிறேன். ஓரிடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

நன்றாக மின்சாரம் கடத்தும் பிளாஸ்மாவில் (மின்னேற்றத் துகள்கள் நிறைந்த வாயுவில்) காந்தக் கோடுகள் அதோடு ஒட்டிக்கொண்டே நகரும் என்பது இயற்பியலாளர் ஆல்வேன் சொன்னது. எதிரெதிர்க் கோடுகள் நெருங்கும் மெல்லிய மின்னோட்டத் தாளில்தான் அந்தப் பிடி விடுகிறது. கோடுகள் அறுந்து வேறுவிதமாக இணைகின்றன. இதுதான் காந்த மறுஇணைப்பு; சூரியச் சுவாலை என்னும் திடீர் வெடிப்புக்கு ஆற்றல் தருவதும் இதுதான்.

சூரியனின் வெளி வளிமண்டலமான ஒளிவட்டத்தில் (கொரோனா) தாளின் நீளம் 10,000 கி.மீ., ஆல்வேன் வேகம் (பிளாஸ்மாவில் காந்த அலை ஓடும் வேகம்) நொடிக்கு 1,000 கி.மீ., லண்ட்குவிஸ்ட் எண் (மின்தடை குறையக் குறைய இது பெரிதாகும்) 10¹² என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீண்ட தாள் என்று எடுத்துக்கொள்ளும் ஸ்வீட்-பார்க்கர் கணக்குப்படி இணைப்பு முடிய 10⁷ நொடி, அதாவது ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். சுவாலையோ நிமிடங்களில் சீறிவிடுகிறது! 1964-ல் பெட்செக் காட்டிய வேகமான வழி, மின்தடை சீராக இருந்தால் நிலைப்பதில்லை. லண்ட்குவிஸ்ட் எண் சுமார் 10⁴-ஐத் தாண்டினால் தாளே துண்டுதுண்டாகிப் பிளாஸ்மாய்டுகள் (காந்தக் கோடுகள் சுற்றிய பிளாஸ்மாத் திட்டுகள்) பிறக்கின்றன. இணைப்பு வேகம் ஆல்வேன் வேகத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மாணவர்கள் இதைத் திரையில் பார்த்தே ஆக வேண்டும்.

சாதாரண லேப்டாப்பில் இதை இரு பரிமாணக் கணினி உருவகமாக ஓட்ட நினைக்கிறேன். லண்ட்குவிஸ்ட் எண் 10⁵ என்றால் தாளின் தடிமன் நீளத்தில் 316-ல் ஒரு பங்கு. நீளத்துக்கு 512 கணக்கீட்டுக் கட்டம் போட்டால் தடிமனுக்கு இரண்டு கட்டம்கூடக் கிடைக்காது. அப்போது தெரியும் துண்டுகளை எப்படி நம்புவது? தடிமனுக்குக் குறைந்தது எத்தனை கட்டம் வைக்கிறீர்கள்? தாளருகே மட்டும் கட்டங்களை நெருக்கினால் போதுமா? ஓட்டிப் பார்த்தவர்கள் உங்கள் அமைப்பு விவரங்களைப் பகிருங்கள், இலவச நிரல் இருந்தால் அதன் பெயரையும்.